சி.எல்.எல். ரத்தப் புற்றுநோய்: ஓராண்டில் முடியும் சிகிச்சையா, நாள்தோறும் தொடரும் மாத்திரையா?

"அப்பாவுக்கு சி.எல்.எல். என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்றில் ஊசியும் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்து ஒரு வருடத்தில் முடித்துவிடுவார்கள். இன்னொன்று வெறும் மாத்திரைதான், ஆனால் நிறுத்தக் கூடாது. குடும்பத்தோடு பேசி முடிவு சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். எப்படி முடிவு செய்வது?"

வாசகர்கள் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. இரண்டுமே நல்ல சிகிச்சைகள். இரண்டையும் எடுத்துக்கொண்டவர்கள் பல ஆண்டுகள் நன்றாக வாழ்கிறார்கள். அதனால்தான் தேர்வு கடினமாகிறது. எந்த மருந்து வலுவானது என்று கேட்டால் விடை கிடைக்காது. எந்தச் சுமையை இந்த நோயாளியும் இந்தக் குடும்பமும் தாங்க முடியும் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் அதற்கு முன்னால், இந்த மருந்துகள் செல்லுக்குள் என்ன செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று ஏன் ஓராண்டில் முடிகிறது, மற்றது ஏன் முடிவதே இல்லை என்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

## சாக மறுக்கும் செல்

நம் உடலின் செல்களுக்குள் தன்னையே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. வேலை முடிந்த செல், மரபணு சேதமான செல், வைரஸ் புகுந்த செல் எல்லாம் இதன் வழியாக, அக்கம்பக்கத்தைக் கெடுக்காமல் ஒழுங்காக மடிகின்றன. ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரி ஆகிய மூவரும் 1972-ல் இதற்கு அப்பாப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவில், வளர்ச்சியின்போது உண்டாகும் 1,090 செல்களில் சரியாக 131 செல்கள் இப்படிக் குறித்த நேரத்தில் இறந்துபோகின்றன. அந்தப் புழுவை வைத்து இந்த ஏற்பாட்டின் மரபணுக்களைக் கண்டறிந்த பணிக்குத்தான் 2002-ல் சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதச் செல்லில் இந்த முடிவு மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் எடுக்கப்படுகிறது. பேக்ஸ், பேக் என்ற இரண்டு புரதங்கள் அந்தச் சவ்வில் துளை போட்டால் உள்ளிருக்கும் சைட்டோகுரோம்-சி வெளியே கசியும். அது காஸ்பேஸ் என்ற நொதிகளைக் கிளப்பிவிடும். அவை செல்லை உள்ளிருந்தே துண்டு துண்டாக்கிவிடும். துளை போடச் சொல்லித் தூண்டுபவை பிம், பூமா, நாக்ஸா போன்ற சிறு புரதங்கள். அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, துளை விழாமல் பார்த்துக்கொள்பவை பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 ஆகியவை. இந்த இரு தரப்புக்கும் நடுவில் உள்ள சமநிலைதான் ஒரு செல்லின் ஆயுள்.

சி.எல்.எல். என்பது பி வகை வெள்ளை அணுக்களில் வரும், மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய். இந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 13-ஆவது குரோமோசோமில் ஒரு சிறு பகுதி காணாமல் போயிருக்கும். பிசிஎல்-2 புரதத்தை மட்டுப்படுத்தும் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. அவை போனதும் பிசிஎல்-2 பெருகுகிறது. எவ்வளவு பிம் வந்தாலும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. சாக வேண்டிய செல் சாகாமல் குவிகிறது. புற்றுநோய் என்றால் செல் வேகமாகப் பெருகுவதுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், செல்லைப் பெருக வைக்காமல் சாகவிடாமல் மட்டும் வைத்திருக்கும் ஒரு புரதமும் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 1988-ல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் காட்டினார்கள். அதிலிருந்து மருந்து வருவதற்கு இன்னும் 28 ஆண்டுகள் ஆயின.

வெனட்டோகிளாக்ஸ் அந்த மருந்துதான். பிம் வந்து உட்காரும் பள்ளத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. பிடியிலிருந்து விடுபட்ட பிம் வேலையைத் தொடங்க, சில மணி நேரத்தில் செல்கள் சாக ஆரம்பிக்கின்றன. இதற்கு முன்னோடியாக வந்த நாவிடோகிளாக்ஸ், பிசிஎல்-எக்ஸ்எல்லையும் சேர்த்து முடக்கியது. தட்டணுக்களின் (பிளேட்லெட்) ஆயுள் அந்தப் புரதத்தை நம்பியே இருக்கிறது. அதனால் மருந்து கொடுத்ததும் பிளேட்லெட் எண்ணிக்கை சரிந்தது. பிசிஎல்-2வை மட்டும் குறிவைக்கும்படி மூலக்கூறைத் திருத்தி உருவாக்கிய வெனட்டோகிளாக்ஸுக்கு 2016 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

இரண்டாவது வழியில் உள்ள பி.டி.கே. தடுப்பு மாத்திரைகள் (ஐப்ருட்டினிப், அகாலப்ருட்டினிப், ஜனுப்ருட்டினிப்) இந்தச் சாவுப் பாதையை நேரடியாகத் தொடுவதில்லை. நிணநீர் முடிச்சுக்குள் இருக்கும் சி.எல்.எல். செல்லுக்கு "வாழ், பெருகு" என்ற சமிக்ஞை அதன் வெளிப்புற ஏற்பி வழியாக வந்துகொண்டே இருக்கும். அந்தச் சங்கிலியில் பி.டி.கே. என்ற நொதி ஒரு கண்ணி. அதைத் துண்டித்தால் செல்கள் முடிச்சை விட்டு ரத்தத்துக்கு வெளியேறி, ஆதரவில்லாமல் மெதுவாகத் தேய்கின்றன. மாத்திரை தொடரும்வரை நோய் அடங்கியிருக்கும். நிறுத்தினால் மிச்சம் இருப்பவை மறுபடி தலைதூக்கும். ஒரு சிகிச்சைக்கு முடிவுத் தேதி இருப்பதற்கும் மற்றதற்கு இல்லாததற்கும் காரணம் இதுதான்.

## எதையெல்லாம் வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், இப்போது சிகிச்சை தேவையா என்பதே. அடுத்தது மரபணு அறிக்கை. டிபி53 மரபணுவில் பிறழ்வு உண்டா, 17-ஆவது குரோமோசோமின் குட்டைக் கையில் (17பி) இழப்பு உண்டா, எதிர்ப்பொருள் உருவாக்கும் ஐஜிஎச்வி மரபணு பிறழ்வடைந்ததா இல்லையா என்ற மூன்றும் கையில் இல்லாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். டிபி53 உருவாக்கும் பி53 புரதம்தான், மரபணு சேதமானால் பூமாவையும் நாக்ஸாவையும் உற்பத்தி செய்யச் சொல்லிச் செல்லைச் சாக வைக்கிறது. பழைய கீமோ மருந்துகள் எல்லாம் அந்தப் பாதையை நம்பியவை. பி53 கெட்டுப்போனவர்களுக்கு அவை சரியாக வேலை செய்யாது. புதிய மருந்துகள் அதைத் தாண்டி வேலை செய்கின்றன, ஆனால் ஒரே அளவுக்கு அல்ல. ஐஜிஎச்வி பிறழாமல் இருந்தால் நோய் சற்று வேகமாகத் திரும்பும்.

மூன்றாவது, நோயாளியின் இதயமும் சிறுநீரகமும். இதயத்துடிப்புக் கோளாறு, ஸ்டென்ட், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஆகியவை பி.டி.கே. மாத்திரை வழியைக் கடினமாக்கும். சிறுநீரகம் பலவீனமாக இருப்பது வெனட்டோகிளாக்ஸ் வழியைக் கடினமாக்கும்.

நான்காவதை மருத்துவமனையில் யாரும் கேட்பதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஊருக்கும் மருத்துவமனைக்கும் எவ்வளவு தூரம், வாரம் இரண்டு மூன்று முறை அழைத்துப்போக ஆள் உண்டா, மறதி இல்லாமல் மாத்திரை எடுப்பாரா, வேலையை விட்டு யார் கூட இருப்பது? என் கணிப்பில், மரபணு அறிக்கைக்கு அடுத்தபடி முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இந்த விவரங்கள்தான்.

ஐந்தாவது, மொத்தச் செலவு. மாதச் செலவை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கடைசியாக ஒன்று: இந்த வழியில் போய் நோய் திரும்பினால், அடுத்து என்ன மிச்சம் இருக்கும்?

## மூன்றாவதாக ஒரு வழி: இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது

பலருக்கு சி.எல்.எல். தற்செயலாகத்தான் தெரியவருகிறது. வேறு எதற்கோ ரத்தம் பரிசோதித்தபோது வெள்ளை அணு 40,000 என்று வந்திருக்கும். குடும்பமே பதறும். அறிகுறி எதுவும் இல்லையென்றால் அந்த எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்காக மட்டும் சிகிச்சை தொடங்குவதில்லை.

ஹீமோகுளோபின் அல்லது பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போவது, மண்ணீரல் அல்லது நெறிக்கட்டிகள் (வீங்கிய நிணநீர் முடிச்சுகள்) மிகப் பெரிதாவது, வெள்ளை அணு எண்ணிக்கை 6 மாதத்துக்குள் இரட்டிப்பாவது, 6 மாதத்தில் உடல் எடையில் 10% குறைவது, தொற்று இல்லாமலே இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், ஒரு மாதத்துக்கு மேல் இரவில் உடை நனைய வியர்வை. இப்படி ஏதாவது இருந்தால்தான் சிகிச்சைக்கான நேரம் வந்திருக்கிறது என்று பொருள். முன்கூட்டியே கொடுத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஜெர்மனியில் நடந்த சி.எல்.எல்.12 ஆய்வில், அறிகுறி இல்லாத நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஐப்ருட்டினிப், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு நோய் வளர்வது தள்ளிப்போனது, ஆனால் ஆயுள் கூடவில்லை. பக்கவிளைவு மட்டும் முன்னாலேயே வந்தது. டாக்டர் "பார்த்துக்கொண்டிருப்போம்" என்று சொன்னால் அவர் கைவிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, தடுப்பூசிகள் (உயிருள்ள கிருமி கொண்டவை தவிர) என்று போதும்.

## வழி ஒன்று: வெனட்டோகிளாக்ஸும் ஒபினுடுசுமாபும்

28 நாள் கொண்ட 12 சுற்றுகள். முதல் 6 சுற்றுகளில் ஒபினுடுசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து நரம்பில் ஏற்றப்படும். வெனட்டோகிளாக்ஸ் மாத்திரை முதல் சுற்றின் 22-ஆவது நாளில் தொடங்கும். 12-ஆவது சுற்று முடிந்ததும் எல்லாம் நிறுத்தம்.

இதன் பெரிய பலம், நோயை மிக ஆழமாகக் குறைப்பது. 2019-ல் வெளியான சி.எல்.எல்.14 ஆய்வில் இந்தச் சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து, நான்கில் மூன்று பேரின் ரத்தத்தில் நுண்ணிய பரிசோதனையிலும் நோய்ச் செல் தட்டுப்படவில்லை. பழைய கீமோ மாத்திரையோடு ஒபினுடுசுமாப் எடுத்தவர்களில் இது 35% மட்டுமே. நோய் திரும்பாமல் இருந்த காலத்தின் இடைநிலை (பாதிப் பேருக்கு இதைவிட நீளம், பாதிப் பேருக்குக் குறைவு), ஆறு ஆண்டுக் கண்காணிப்பில் ஏறத்தாழ 76 மாதம். ஓராண்டு மருந்துக்கு ஆறு ஆண்டுக்கு மேல் நிம்மதி. அதில் ஐந்து ஆண்டு மருந்தே இல்லாத ஆண்டுகள். எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவில்லை. நோயாளி என்ற அடையாளத்திலிருந்து விலகி மனிதர் தன் வாழ்க்கைக்குத் திரும்புகிறார்.

ஆனால் முதல் இரண்டு மாதம் கடினம். செல்கள் சாவது நல்லதுதான், எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் ஆபத்து. செத்த செல்களிலிருந்து பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் எல்லாம் வெள்ளமாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை முடக்கும், இதயத் துடிப்பைக் குலைக்கும். தொடக்ககால ஆய்வுகளில் அளவை வேகமாக ஏற்றியபோது இதனால் சிலர் இறந்தும் போனார்கள். அதற்குப் பிறகுதான் படிப்படியாக ஏற்றும் முறை வந்தது: முதல் வாரம் 20 மி.கி., பிறகு 50, 100, 200, ஐந்தாவது வாரம் 400. ஒவ்வொரு படிக்கும் முன்பும் பின்பும் ரத்தப் பரிசோதனை. முதல் இரண்டு படிகளில் 6 முதல் 8 மணி நேரம் கழித்தும், 24 மணி நேரத்திலும் பரிசோதிக்க வேண்டும். நெறிக்கட்டி 10 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, கட்டி 5 செ.மீ.க்கு மேலும் நிணநீரணு எண்ணிக்கை 25,000-க்கு மேலும் சேர்ந்து இருந்தாலோ மருத்துவமனையிலேயே தங்கித் தொடங்குவது நல்லது. தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தினமும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர், யூரிக் அமிலத்துக்கு அல்லோபியூரினால். மூன்று வாரம் முன்பே ஒபினுடுசுமாப் தொடங்குவதில் ஒரு நன்மை உண்டு. அது நோயின் அளவை ஏற்கெனவே குறைத்துவிடுவதால் இந்த ஆபத்தும் குறைகிறது.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன. ரத்தப் பரிசோதனைகள், தங்கல், கூட இருப்பவரின் சம்பள இழப்பு, மருத்துவமனைக்கு அருகில் அறை எடுப்பது. வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் வகை குறைந்தால் அதற்கு ஊசி. முதல் ஒபினுடுசுமாப் ஏற்றும்போது குளிர் நடுக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது அடிக்கடி நடக்கும். அதனால்தான் முதல் நாள் 100 மி.கி. மட்டும் கொடுத்து மறுநாள் 900 கொடுக்கிறார்கள்.

ஒரு பரிசோதனையை மறக்கவே கூடாது: ஹெபடைட்டிஸ்-பி. ஒபினுடுசுமாப் உள்ளே உறங்கும் அந்த வைரஸை எழுப்பிவிடும், கல்லீரல் செயலிழக்கும் அளவுக்கும் போகலாம். பழைய மஞ்சள் காமாலை சரியாகிவிட்டது என்று விட்டுவிடாமல், மேற்பரப்பு ஆன்டிஜன், மையப் புரத எதிர்ப்பொருள் இரண்டும் பார்க்க வேண்டும். வைரஸ் இருந்தால் அதற்கு மாத்திரை கொடுத்துக்கொண்டே சிகிச்சை தொடங்கலாம்.

சாப்பாட்டிலும் இரண்டு விஷயம். வெனட்டோகிளாக்ஸை வெறும் வயிற்றில் போட்டால் உடலில் சேர்வது மிகக் குறைவு. சாப்பாட்டோடு எடுத்தால் மூன்று மடங்குக்கு மேல் சேரும். கிரேப்புரூட், நட்சத்திரப் பழம் கூடாது, அவை மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கிரேப்புரூட்டின் நெருங்கிய உறவான நம் ஊர் பம்ப்ளிமாஸையும் அந்த ஓராண்டு தள்ளிவைப்பது நல்லது. பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் சில மாத்திரைகள், கிளாரித்ரோமைசின் போன்றவையும் இதே வேலையைச் செய்யும். பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கத்தை இந்தக் காலத்தில் அறவே விட வேண்டும்.

## வழி இரண்டு: பி.டி.கே. தடுப்பு மாத்திரை

தொடங்குவது எளிது. ஊசி வேண்டாம், தங்க வேண்டாம், படிப்படியாக ஏற்ற வேண்டாம். வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு, ஆரம்பத்தில் மாதம் ஒருமுறை, பிறகு இன்னும் இடைவெளி விட்டு டாக்டரைப் பார்த்தால் போதும். நெறிக்கட்டிகள் சில வாரங்களில் கரையும். அதே நேரத்தில் ரத்தத்தில் வெள்ளை அணு ஏறும். முடிச்சிலிருந்து செல்கள் வெளியே வருவதால் அப்படி. மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து பலர் இந்தக் கட்டத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம்.

பலன் உறுதியாக நிரூபிக்கப்பட்டது. ஐப்ருட்டினிப்பை முதல் சிகிச்சையாக எடுத்த முதியவர்களைப் பத்து ஆண்டுவரை கண்காணித்த ரெசனேட்-2 ஆய்வில், நோய் வளராமல் இருந்த காலத்தின் இடைநிலை 8.9 ஆண்டுகள். அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் பாருங்கள்: பத்தாண்டு கண்காணிப்பின் முடிவில் 27% பேர்தான் இன்னும் அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் பக்கவிளைவாலோ, நோய் வளர்ந்ததாலோ, வேறு காரணங்களாலோ நிறுத்திவிட்டார்கள். "வாழ்நாள் முழுவதும்" என்று சொல்லப்படும் சிகிச்சை நடைமுறையில் அப்படி நீடிப்பது அரிது.

என்ன பக்கவிளைவு? இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், ரத்த அழுத்தம் ஏறுவது, தோலில் நீலத் திட்டுகள், சில சமயம் பெரிய ரத்தக்கசிவு. புதிய மாத்திரைகளில் இவை குறைவு. அகாலப்ருட்டினிப்பையும் ஐப்ருட்டினிப்பையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில், நோயைக் கட்டுப்படுத்துவதில் வித்தியாசம் இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மட்டும் 16 சதவீதத்திலிருந்து 9.4 சதவீதமாகக் குறைந்தது. முதல் வாரங்களில் அகாலப்ருட்டினிப் தலைவலி தரும். பாரசிட்டமாலும் ஒரு டம்ளர் காபியும் பெரும்பாலும் போதும், காஃபின் உண்மையிலேயே உதவுகிறது. ஐப்ருட்டினிப் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக இதயநோய் உள்ள ஒருவருக்கு அதைத் தொடங்குவதை நான் ஏற்க மாட்டேன்.

ஏற்கெனவே ஆஸ்பிரின், குளோபிடோகிரல் எடுப்பவர்கள் இதய மருத்துவரையும் ரத்தநோய் மருத்துவரையும் பேசவைக்க வேண்டும். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. பல் பிடுங்குவது, கண்புரை அறுவை எதுவாக இருந்தாலும் 3 முதல் 7 நாள் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும், அதைப் பல் டாக்டர் அறிந்திருக்க மாட்டார். நம் வீடுகளில் காலையில் எழுந்ததும் போடும் 'கேஸ் மாத்திரை' இருக்கிறதே, பான்டோபிரசோல் வகை, அது அகாலப்ருட்டினிப் கேப்சூலை உடலில் சேரவிடாது. மாத்திரை வடிவத்தில் வாங்கினால் அந்தப் பிரச்சினை இல்லை. கையில் இருப்பது கேப்சூலா, மாத்திரையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய மறைமுகச் செலவு காலம்தான். முதல் வருடம் பார்க்கும்போது இதுவே மலிவாகத் தெரியும். மூன்றாவது, ஐந்தாவது, எட்டாவது வருடத்திலும் அதே மாதாந்தரப் பில் வரும். பணம் நின்றுபோய் மாத்திரையைப் பாதியில் விட்டால் நோய் வேகமாகத் திரும்பலாம். தொடங்கும்போதே "ஐந்து வருடம் இதைக் கொடுக்க முடியுமா" என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். காப்பீடு இருந்தால், மருத்துவமனையில் படுக்காமல் வீட்டில் எடுக்கும் மாத்திரைக்குப் பணம் தருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## இரண்டையும் சேர்த்தால்?

ஊசி இல்லாமல், பி.டி.கே. மாத்திரையும் வெனட்டோகிளாக்ஸும் சேர்த்துக் குறித்த காலத்துக்கு மட்டும் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. முதல் இரண்டு மூன்று சுற்றுகள் பி.டி.கே. மாத்திரை மட்டும், பிறகு இரண்டும் சேர்த்து 12 சுற்றுகள். முதலில் கட்டிகள் சுருங்கிவிடுவதால் வெனட்டோகிளாக்ஸ் தொடங்குவது பாதுகாப்பாகிறது. ஐப்ருட்டினிப்போடு சேர்த்த குளோ ஆய்வில் வயதானவர்களிடையே இதயம் சார்ந்த, திடீர் மரணங்கள் நடந்தன. அதனால் முதியவர்களுக்கு அந்தக் கூட்டணியை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். அகாலப்ருட்டினிப்போடு சேர்த்த ஆம்ப்ளிஃபை ஆய்வில் மூன்று ஆண்டு முடிவில் 76.5% பேருக்கு நோய் வளரவில்லை, கீமோ எடுத்தவர்களில் இது 66.5%. அந்த ஆய்வில் டிபி53 கோளாறு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். இளவயதினர், மருத்துவமனையில் ஊசிக்காகக் காத்திருக்க முடியாதவர்கள் இதைப் பற்றிக் கேட்கலாம். இரண்டு விலையுயர்ந்த மருந்துகள் ஒரே நேரத்தில் என்பதால் அந்த ஓராண்டின் செலவு கனமாக இருக்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வெனட்டோகிளாக்ஸ் + ஒபினுடுசுமாப் | பி.டி.கே. மாத்திரை | இரண்டு மாத்திரைகளும் சேர்ந்து |
|---|---|---|---|
| காலம் | 12 சுற்றுகள், பிறகு நிறுத்தம் | தொடர்ந்து | ஏறத்தாழ 14–15 சுற்றுகள் |
| தொடக்கம் | கடினம், அடிக்கடி பரிசோதனை | எளிது | நடுத்தரம் |
| டிபி53 கோளாறு | வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் திரும்பும் | பொதுவாக இதுவே மேல் | ஆதாரம் குறைவு |
| இதயநோய், ரத்தக்கசிவு ஆபத்து | பொருத்தமானது | கவனம் தேவை | கவனம் தேவை |
| சிறுநீரகப் பலவீனம் | கவனம் தேவை | பொருத்தமானது | கவனம் தேவை |
| ஹெபடைட்டிஸ்-பி | மிகுந்த கவனம் | பரிசோதித்துக் கண்காணிக்க வேண்டும் | பரிசோதித்துக் கண்காணிக்க வேண்டும் |
| செலவு | முதல் ஆண்டில் குவியும் | ஆண்டுக்கு ஆண்டு சேரும் | முதல் ஆண்டில் அதிகம் குவியும் |

இவற்றை நேருக்கு நேர் நிறுத்திய சி.எல்.எல்.17 என்ற ஆய்வின் முடிவு 2025 டிசம்பரில் வந்தது. தொடர்ந்து ஐப்ருட்டினிப், குறித்த காலத்துக்கு வெனட்டோகிளாக்ஸும் ஒபினுடுசுமாபும், குறித்த காலத்துக்கு வெனட்டோகிளாக்ஸும் ஐப்ருட்டினிப்பும் என மூன்று குழு. மூன்று ஆண்டு முடிவில் மூன்றிலுமே நோய் வளராமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 80%. அதாவது மருந்தை நிறுத்தியவர்கள், நிறுத்தாதவர்களைவிட மோசமாகிவிடவில்லை. மெதுவாக நகரும் இந்த நோய்க்கு மூன்று ஆண்டு என்பது சிறிய காலம்தான். ஆனாலும் "நிறுத்தினால் என்ன ஆகுமோ" என்ற பயத்துக்கு இது தெளிவான பதில்.

## யாருக்கு எது

டிபி53 கோளாறோ 17பி இழப்போ இருந்தால், தொடர்ந்து எடுக்கும் அகாலப்ருட்டினிப் அல்லது ஜனுப்ருட்டினிப் பக்கமே நான் சாய்வேன். சி.எல்.எல்.14 ஆய்வில் இந்தக் குழுவினருக்கு நோய் திரும்பாத காலம் 52 மாதம் அளவுக்கே இருந்தது. சாவுப் பாதையில் பி53 இல்லாமலும் வெனட்டோகிளாக்ஸ் வேலை செய்கிறது, ஆனால் தப்பிக்கும் செல்கள் அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு அழுத்தத்தை எடுக்காமல் வைத்திருப்பது நல்லது. இதயம் பலவீனமாக இருந்து பி.டி.கே. மாத்திரை முடியவே முடியாது என்றால் மட்டும் வழி ஒன்று.

டிபி53 சரியாக இருந்து, சிறுநீரகமும் சுமாராக இருந்து, இரண்டு மாதம் மருத்துவமனைக்கு எளிதில் வந்துபோக முடியும் என்றால் வழி ஒன்றைத்தான் முதலில் சொல்வேன். ஐஜிஎச்வி பிறழ்வடைந்தவர்களுக்கு இதன் பலன் இன்னும் நீளம். பிறழாதவர்களுக்குக்கூட சி.எல்.எல்.14-ல் இடைநிலை 64.8 மாதம். 58 வயதில் வேலையில் இருப்பவர், மகளின் கல்யாணத்துக்குப் பணம் சேர்ப்பவர் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வருடக் கஷ்டத்துக்குப் பின் மருந்தும் பில்லும் இல்லாத ஆண்டுகள் அவருக்குப் பெரிய வரம்.

80 வயதைத் தாண்டியவர், கிரியேட்டினின் (சிறுநீரகப் பலவீனத்தைக் காட்டும் ரத்த அளவு) ஏறியவர், நகரத்திலிருந்து நெடுந்தூரம் தள்ளி மகன் மகள் வெளியூரில் இருக்கத் தனியாக வாழ்பவர். இவர்களுக்கு மாத்திரை மட்டும் என்பதே கருணையான வழி. அவரை வாரம் மூன்று முறை பேருந்தில் அலையவைத்து ஆழமான நிவாரணம் பெறுவதில் என்ன பொருள் இருக்கிறது? இதயநோய் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. பெரும்பாலும் அப்படி இல்லை. வெனட்டோகிளாக்ஸ் முடிந்து நோய் திரும்பினால் பி.டி.கே. மாத்திரை நன்றாகவே வேலை செய்கிறது. இடைவெளி நீளமாக இருந்திருந்தால் வெனட்டோகிளாக்ஸையே மறுபடி கொடுக்கலாம். மருந்தை நிறுத்திவிடுவதால் செல்கள் அதற்குப் பழகுவதற்கான வாய்ப்பு குறைகிறது. தொடர்ந்து எடுப்பவர்களிடம்தான் பி.டி.கே.யில் சி481எஸ், பிசிஎல்-2வில் ஜி101வி போன்ற பிறழ்வுகள் தோன்றி மருந்து ஒட்ட முடியாமல் போகிறது. பி.டி.கே. மாத்திரைக்குப் பிறகு வெனட்டோகிளாக்ஸும் வேலை செய்யும். இரண்டும் கைவிட்ட பிறகு, பி.டி.கே.யில் வேறு விதமாக ஒட்டும் பிர்டோப்ருட்டினிப் இருக்கிறது, 2023 டிசம்பரில் அமெரிக்காவில் சி.எல்.எல்.லுக்கு ஒப்புதல் பெற்றது.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஃபிஷ் பரிசோதனை (குரோமோசோம் இழப்பைக் காட்டுவது), டிபி53 வரிசை ஆய்வு, ஐஜிஎச்வி மூன்றின் அறிக்கையும், ஹெபடைட்டிஸ்-பி முடிவும், ஈசிஜியும், கிரியேட்டினினும், வீட்டில் எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துப் போங்கள். டிபி53 பரிசோதனையைச் செலவு மிச்சம் என்று விட்டுவிட வேண்டாம். ஐஜிஎச்வி ஒருமுறை செய்தால் போதும், மாறாது. டிபி53 நிலை மாறக்கூடியது. அதனால் பழைய அறிக்கை இருந்தாலும், சிகிச்சை தொடங்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்கச் சொல்லுங்கள்.